சீன இண்டி இசைக் காணொளிகள்: புதியவற்றைத் தேடிப் பிடிக்கும் வழி

சீனாவில் ஒரு சுயாதீன இசைக்குழு புதுப் பாடலுக்குக் காணொளி எடுத்தால் அது பெரும்பாலும் முதலில் சீனக் காணொளித் தளமான பிலிபிலியில்தான் ஏறும். யூடியூபும் விமியோவும் 2009 முதல் சீனப் பெருநிலத்தில் முடக்கப்பட்டிருக்கின்றன. சொந்த ஊர் ரசிகர்கள் எட்டிப் பார்க்க முடியாத தளத்தில் பதிவேற்ற எந்தக் குழுவும் அவசரப்படுவதில்லை. வெளிநாட்டுக் கேட்பவர்கள்மேல் அக்கறை உள்ள நிறுவனங்கள் சில நாள் கழித்து யூடியூபிலும் போடும். பல காணொளிகள் அங்கே வருவதே இல்லை. யூடியூபின் பரிந்துரையை நம்பிக் காத்திருப்பவருக்கு இந்த இசையின் ஓர் ஓரம் மட்டும்தான் தெரியும்.

சீனம் ஓர் எழுத்துகூடத் தெரியாமலே இதைத் தொடர்ந்து பார்க்க முடியும். அதற்கு இரண்டு பிடி வேண்டும்: குழுவின் பெயர் சீன எழுத்தில், பதிவேற்றியவர் யார் என்ற தெளிவு. கீழே சொல்வதெல்லாம் இந்த இரண்டையும் சம்பாதிப்பதற்கான வேலைகளே.

எல்லை எது

இங்கே பேசுவது சீனப் பெருநிலத்துக் குழுக்களைப் பற்றி. சன்செட் ரோலர்கோஸ்டர், நோ பார்ட்டி ஃபார் சாவ் டோங் போன்றவை தைபேயைச் சேர்ந்தவை. தைவான், ஹாங்காங் குழுக்கள் மரபு எழுத்து வடிவத்தில் எழுதுகின்றன, யூடியூபில் நேரடியாகவே வெளியிடுகின்றன. அவற்றைப் பின்தொடர இந்த வழிகாட்டி தேவையில்லை. பெருநிலத்தில் புழங்குவது எளிமையாக்கப்பட்ட எழுத்து வடிவம். இரண்டையும் ஒரே பட்டியலில் கலந்தால் தேடல் குழம்பிவிடும், தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

வரலாற்றில் இவ்வளவு தெரிந்தால் தொடங்கலாம். 1986-இல் ட்சுய் ஜியான் பெய்ஜிங் மேடையில் ராக் பாடியது தொடக்கப் புள்ளி. 1990-களில் மேற்கு நாடுகளில் விற்காமல் போன குறுந்தகடுகளும் ஒலிநாடாக்களும், ஓரத்தில் வெட்டு விழுந்த நிலையில், பிளாஸ்டிக் கழிவாகச் சீனத்துக்குள் வந்தன. அவற்றை 'டாகோவ்' என்று சொல்லித் தெருவோரம் விற்றார்கள். வெட்டுப்படாத பகுதியைக் கேட்டே ஒரு தலைமுறை பங்க், நாய்ஸ் என்ற முரட்டு ராக் வகைகளைக் கற்றது. மாடர்ன் ஸ்கை இசை நிறுவனத்தை 1997-இல் ஷென் லீஹுய் தொடங்கினார். மிடி இசை விழா 2000-இலும் ஸ்ட்ராபெரி இசை விழா 2009-இலும் தொடங்கின. இன்று பார்க்கக் கிடைக்கும் காணொளிகளில் பல ஏதோ ஒரு வகையில் இந்த வேர்களோடு தொடர்புடையவை.

பெயரைச் சீன எழுத்தில் பிடிப்பது

எல்லாவற்றிலும் முக்கியமான படி இது. இங்கே செலவிடும் பத்து நிமிடம் பிறகு பல மணி நேரத்தை மிச்சப்படுத்தும்.

ஒரு குழுவுக்குப் பொதுவாக மூன்று பெயர்கள் இருக்கும். சீன எழுத்தில் ஒன்று, அதை ரோமன் எழுத்தில் ஒலிபெயர்த்த பின்யின் ஒன்று, ஆங்கிலப் பெயர் ஒன்று. ஆங்கிலப் பெயரும் சீனப் பெயரும் பொருளில் ஒத்துப்போக வேண்டும் என்றில்லை. செங்டு நகரத்து ஹைபர்சன் குழு சீனத்தில் ஹாய்பெங்சென். இது தவிர ரசிகர்கள் புழங்கும் சுருக்கப் பெயர் நான்காவதாக வரும். ஷிஜியாஜுவாங்கைச் சேர்ந்த ஆம்னிபொட்டன்ட் யூத் சொசைட்டியின் சீனப் பெயரில் 6 எழுத்துகள், ரசிகர்கள் அதை 2 எழுத்தாக்கி வான்ச்சிங் என்பார்கள். ரீபில்டிங் த ரைட்ஸ் ஆஃப் ஸ்டாச்சூஸ் குழுவுக்கு 7 எழுத்துகள், பேச்சு வழக்கில் சொங்சூ. காணொளித் தலைப்புகளில் முழுப் பெயரும் சுருக்கமும் மாறி மாறி வரும். ஆகவே இரண்டையும் எழுதி வையுங்கள்.

எழுத்தை எடுக்கும் முறை:

1. குழுவின் ஆங்கில விக்கிப்பீடியாப் பக்கத்தைத் திறந்து, மொழிப் பட்டியலில் சீனத்தைத் தேர்ந்தெடுங்கள்.
2. சீனப் பக்கத்தின் மேலே எழுத்து வடிவம் மாற்றும் பட்டியல் இருக்கும். அதில் பெருநிலத்து எளிய வடிவத்தைத் தேர்ந்த பிறகே தலைப்பை நகலெடுங்கள். இதைச் செய்யாவிட்டால் மரபு எழுத்தில் உள்ள தலைப்பு கைக்கு வரலாம்.
3. விக்கிப்பீடியாவில் பக்கமே இல்லாத குழுக்கள் நிறைய. அப்போது பேண்ட்கேம்ப் என்ற இசை விற்பனைத் தளத்தில் குழுவின் பக்கத்துக்குப் போய் அறிமுகக் குறிப்பைப் பாருங்கள், அங்கே சீனப் பெயர் பெரும்பாலும் இருக்கும். ஆல்பங்களைப் பட்டியலிடும் டிஸ்காக்ஸ் தளத்திலும் கிடைக்கும்.
4. கைப்பேசிக் கேமராவால் ஆல்பம் அட்டையிலிருந்து எழுத்தைப் பிடிப்பதைக் கடைசி வழியாக வையுங்கள். அட்டை ஓவியர்கள் எழுத்தை வளைத்தும் உடைத்தும் வரைவார்கள், இயந்திரம் வேறு எழுத்தாகப் படித்துவிடும்.

பின்யின் விசைப்பலகையைச் சேர்த்துக்கொண்டு நீங்களே தட்டச்சு செய்யவும் முடியும். ஆனால் ஒரே ஒலிக்குப் பல எழுத்துகள் உள்ள மொழி இது. மேலே வரிசையாக வரும் முதல் தேர்வைக் கண்ணை மூடிக்கொண்டு தட்டினால் குழுவின் பெயருக்குப் பதில் வேறொரு சொல் விழும். முதல் தடவை எப்போதும் நகலெடுத்து ஒட்டுங்கள். கண்ணுக்கு எழுத்து பழகிய பிறகு தட்டச்சு செய்யலாம்.

பெயரோடு சேர்த்துத் தேட ஐந்து துணைச் சொற்கள் போதும்: இசைக்குழு (யுவேதுய்), நேரடி நிகழ்ச்சி (சியான்ச்சாங்), அதிகாரப்பூர்வம் (குவான்ஃபாங்), இயக்குநர் (தாவ்யென்), பாடல் வரிகள் (கட்ஸ்). மொழிபெயர்ப்புச் செயலியில் எடுத்து, அது வாசிக்கும் ஒலி மேலே அடைப்பில் உள்ளதோடு பொருந்துகிறதா என்று கேட்டுச் சரிபாருங்கள். ஆங்கிலத்தில் 'லைவ்' என்று கொடுத்தால் செயலி 'வாழ்வது' என்ற பொருளுள்ள எழுத்தைக் கொடுக்கக்கூடும். ஒலியை வைத்துத்தான் அந்தத் தவறைப் பிடிக்க முடியும்.

'இசைக் காணொளி' என்பதைச் சீனத்துக்கு மொழிபெயர்த்துத் தேடாதீர்கள். அங்கே பதிவேற்றுபவர்கள் அதற்கு எம், வி என்ற இரண்டு ரோமன் எழுத்துகளைத்தான் பயன்படுத்துகிறார்கள். குழுப் பெயர், ஓர் இடைவெளி, பிறகு அந்த இரண்டு எழுத்து. நல்ல தேடல் இவ்வளவுதான்.

பொதுச் சொல்லைப் பெயராகக் கொண்ட குழுக்களுக்கு மட்டும் 'யுவேதுய்' சேர்ப்பது கட்டாயம். பெய்ஜிங்கின் ஹெட்ஜ்ஹாக் குழுவின் சீனப் பெயருக்கும் முள்ளெலி என்றுதான் பொருள். பெயரை மட்டும் கொடுத்தால் செல்லமாக வளர்க்கும் முள்ளெலிகளின் காணொளிகள் வந்து குவியும். நியூ பேண்ட்ஸ் குழுவுக்கும் இதே தொல்லை, துணிக்கடைகள் முன்னே வந்து நிற்கும்.

பிலிபிலியில் தேடும்போது

முதலில் சரியான தளத்தில் இருக்கிறீர்களா என்று பாருங்கள். தென்கிழக்கு ஆசியாவுக்கென்று பிலிபிலிக்குத் தனித் தளமும் செயலியும் உண்டு. சிங்கப்பூர், மலேசியாவில் செயலிக் கடையில் எளிதாகக் கிடைப்பது அதுதான். அது பெரும்பாலும் அனிமே பார்ப்பவர்களுக்கானது, சீன இண்டி இசை அதில் தேடினால் கையில் ஒன்றும் சிக்காது. உலாவியில் சீனத் தளத்தையே திறங்கள்.

உலாவியின் தானியங்கி மொழிபெயர்ப்பு பொத்தான்களைப் புரிந்துகொள்ள உதவும். ஆனால் அது இயங்கும்போது தலைப்பை நகலெடுத்தால் மொழிபெயர்த்த தலைப்புதான் உங்கள் குறிப்பேட்டில் விழும், அதை வைத்து மறுபடி எதையும் தேட முடியாது. எதை நகலெடுக்கும் முன்பும் மொழிபெயர்ப்பை அணைத்துவிடுங்கள். புதியவர்கள் சேர்க்கும் பட்டியல்கள் வீணாவதற்கு முதல் காரணம் இதுதான்.

தேடல் முடிவுகளின் மேலே வரிசைப்படுத்தும் தேர்வுகள் இருக்கும். இயல்பாக 'பொது' வரிசை வரும், அதில் பழைய பிரபலமான காணொளிகளே முன்னால் நிற்கும். 'புதிய வெளியீடு' என்பதைத் தேர்ந்தெடுங்கள். கால அளவில் '10 நிமிடத்துக்குக் குறைவு' வையுங்கள். இந்த இரண்டு மாற்றங்களால் முழு நீளக் கச்சேரிப் பதிவுகளும் தொகுப்புகளும் விலகி, தனிப் பாடல்கள் மேலே வரும். நீளமான பாடல் எழுதும் போஸ்ட்ராக் குழுக்களைத் தேடும்போது மட்டும் கால வரம்பை எடுத்துவிடுங்கள், அவர்களின் ஒரு பாடலே 10 நிமிடம் தாண்டும்.

உள்நுழையாமல் பார்த்தால் படம் மங்கலாகத்தான் வரும், நடுவில் உள்நுழையச் சொல்லும் பெட்டியும் குறுக்கிடும். 1080பி தரத்துக்குக் கணக்கு வேண்டும், 4கே தரத்துக்குப் பணம் கட்டிய உறுப்பினராக இருக்க வேண்டும். நாட்டுக் குறியீட்டைத் தேர்ந்து கைப்பேசி எண்ணால் கணக்குத் தொடங்கலாம். கருத்துகள் எழுதும் முழு உறுப்பினராவதற்கு 100 கேள்விகள் கொண்ட ஒரு தேர்வு உண்டு, 60 மதிப்பெண் எடுத்தால் தேர்ச்சி. பார்ப்பதற்கு அந்தத் தேர்வு தேவையே இல்லை. அதைக் கண்டு பலர் பின்வாங்கிவிடுகிறார்கள், வேண்டியதில்லை.

திரையின் குறுக்கே ஓடும் கருத்துகளுக்கு 'தான்மு' என்று பெயர். காணொளியின் கீழே உள்ள சிறு பொத்தானால் அணைக்கலாம். முதல் முறை பார்க்கும்போது கண்டிப்பாக அணைத்து வையுங்கள். குறைந்த செலவில் எடுக்கும் இந்தக் காணொளிகளில் ஒரு தெருவிளக்கு, ஒரு சுவரெழுத்து, பின்னணியில் போகும் ஒரு பேருந்து எல்லாமே யோசித்து வைக்கப்பட்டவை, அவற்றை எழுத்து மறைத்தால் படம் பாதிதான். இரண்டாம் முறை திறந்து பாருங்கள். எந்தத் தெருவில் எடுத்தார்கள், கிதாரில் இருப்பவர் முன்பு எந்தக் குழுவில் வாசித்தார் என்பதையெல்லாம் ரசிகர்கள் அங்கே எழுதியிருப்பார்கள்.

காணொளியைக் குறித்துவைக்க முழு முகவரி வேண்டாம். 'பிவி' என்று தொடங்கும் 12 எழுத்து அடையாள எண் போதும். 2020 மார்ச்சில் வந்த முறை இது, அதற்கு முன் 'ஏவி' என்று தொடங்கும் வெறும் எண்களே இருந்தன. பிவி எண்ணில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறு வேறு. கையால் எழுதி வைத்துத் திரும்பத் தட்டச்சு செய்தாலோ, ஏதேனும் செயலி எல்லாவற்றையும் சிறிய எழுத்தாக மாற்றினாலோ இணைப்பு திறக்காது. நகலெடுத்துத்தான் வைக்க வேண்டும்.

பதிவேற்றியவர் யார்

ஒரு காணொளியைத் திறந்ததும் படத்தைப் பார்க்கும் முன் பதிவேற்றியவரின் பெயரைப் பாருங்கள். உருவப் படத்தின் ஓரத்தில் சின்ன மின்னல் குறி இருக்கிறதா? மஞ்சள் மின்னல் சரிபார்க்கப்பட்ட தனிநபருக்கு, நீல மின்னல் நிறுவனத்துக்கு. இசை நிறுவனங்களும் விழாக்களும் நீலத்தில் இருக்கும். சிறு குழுக்கள் பலவற்றுக்கு எந்தக் குறியும் இருக்காது, அதற்காகப் போலி என்று தள்ளிவிடாதீர்கள். அனுமதியின்றி மறுபதிவு செய்யக் கூடாது என்ற ஒற்றை வரி காணொளிக்குக் கீழே இருந்தால், பதிவேற்றியவர் அதைத் தன் சொந்தப் படைப்பாக அறிவித்திருக்கிறார் என்று பொருள். தலைப்பிலோ குறிப்பிலோ 'பான்யுன்' என்ற சொல் இருந்தால் வேறெங்கிருந்தோ எடுத்துப் போட்டது.

அதிகம் ஏமாற்றுபவை ரசிகர்கள் செய்த காணொளிகள். பழைய திரைப்படக் காட்சிகளைப் பாடலுக்கு ஏற்ப வெட்டி ஒட்டி அதே எம்வி என்ற பெயரில் போடுவார்கள். ஆம்னிபொட்டன்ட் யூத் சொசைட்டி போலக் காணொளி அதிகம் எடுக்காத குழுக்களுக்கு இது இன்னும் கூடுதல். அவர்களின் முதல் ஆல்பம் 2010-இல் வந்தது, இரண்டாவது 2020 டிசம்பரில்தான். பத்து ஆண்டு இடைவெளியை ரசிகர்கள் தாங்களே நிரப்பிக்கொண்டார்கள். சில வெட்டுகள் அருமையாக இருக்கும், பார்க்கலாம். குழுவின் காணொளி என்று பிறருக்கு அனுப்ப மட்டும் வேண்டாம்.

அடுத்த குழப்பம் தொலைக்காட்சிப் பாணி நிகழ்ச்சிகள். ஐச்சியி என்ற சீனக் காணொளித் தளத்தில் 2019-இல் தொடங்கிய 'த பிக் பேண்ட்' போட்டி, அதுவரை சிறு அரங்குகளில் வாசித்துக்கொண்டிருந்த குழுக்களை நாடறியச் செய்தது. முதல் பருவத்தில் நியூ பேண்ட்ஸ் வென்றது, 2020-இல் இரண்டாம் பருவத்தில் ரீபில்டிங் த ரைட்ஸ் ஆஃப் ஸ்டாச்சூஸ் வென்றது. இதில் கலந்துகொண்ட எந்தக் குழுவைத் தேடினாலும் போட்டி மேடைத் துண்டுகளே முதல் பக்கத்தை அடைத்துக்கொள்ளும். வண்ண விளக்கு, நடுவர்களின் முகம், திரையின் மூலையில் தள முத்திரை ஆகியவை தெரிந்தால் அது போட்டித் துண்டு, தாண்டிப் போங்கள். 'புதிய வெளியீடு' வரிசை இங்கேயும் கைகொடுக்கும்.

அசல் காணொளியைக் கண்டுபிடித்ததும் குறிப்புப் பெட்டியை விரித்து, 'தாவ்யென்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் இருக்கும் பெயரை நகலெடுங்கள். அந்த இயக்குநரின் பக்கத்துக்குப் போய்ப் பின்தொடருங்கள். நல்ல இயக்குநர் ஒரு குழுவோடு நிற்பதில்லை, ஒரே ஆண்டில் மூன்று நான்கு குழுக்களுக்கு எடுப்பார். நீங்கள் பெயர்கூடக் கேட்டிராத குழுக்கள் அவர் வழியாகத்தான் வந்து சேரும். தளத்தின் பரிந்துரையைவிட இது பல மடங்கு மேலானது. இந்த உறவு இங்கே பழையது: சீனத் திரைப்படத்தின் 'ஆறாம் தலைமுறை' என்று சொல்லப்படும் இயக்குநர்களில் ஒருவரான ஜாங் யுவான் தொடக்க காலத்தில் ட்சுய் ஜியானுக்குக் காணொளிகள் எடுத்தவர். நியூ பேண்ட்ஸின் பாடகர் பெங் லெய் தானே திரைப்பட இயக்குநர், தன் குழுவின் காணொளிகளையும் அவரே எடுத்திருக்கிறார்.

ஊர் ஊராக யாரைப் பின்தொடர்வது

தொடக்கத்தில் எட்டுப் பத்துப் பெயர்கள் போதும். ஐம்பது கணக்குகளைப் பின்தொடர்ந்தால் எதையும் பார்க்க மாட்டீர்கள். வகையை வைத்துப் பிரிப்பதைவிட ஊரை வைத்துப் பிரிப்பது நல்லது. சீன இண்டி இசை அரங்குகளைச் சுற்றி வளர்ந்தது, அரங்கு ஊரில்தான் இருக்கும்.

பெய்ஜிங்கில் தொடங்குங்கள், அங்கே மேபி மார்ஸ் நிறுவனம். வூடாவ்கோவ் பகுதியில் 2006 முதல் 2012 தொடக்கம் வரை இயங்கிய டி-22 அரங்கைச் சுற்றி, பெய்ஜிங் பல்கலைக்கழகத்தில் நிதித்துறை கற்பித்த மைக்கேல் பெட்டிஸ் 2007-இல் இதைத் தொடங்கினார். 1997-இல் நான்ஜிங்கில் உருவான பி.கே.14 குழுவின் பாடகர் யாங் ஹாய்சோங் நிறுவனத்தின் முகமாகவும் பல ஆல்பங்களின் ஒலித் தயாரிப்பாளராகவும் இருந்தார். கார்சிக் கார்ஸ் இதன் அடையாளக் குழு. 2007-இல் பிராகிலும் வியன்னாவிலும் அமெரிக்க ராக் குழுவான சோனிக் யூத்தின் கச்சேரிகளில் தொடக்கக் குழுவாக வாசித்தவர்கள் அவர்கள். நிறுவனத்துக்கு யூடியூபிலும் பேண்ட்கேம்பிலும் பக்கம் உண்டு, புதியவர்களுக்கு இதைவிட நல்ல நுழைவாயில் இல்லை. காணொளிகள் பளபளப்பாக இருக்காது. ஒத்திகை அறை, ஒற்றைக் கேமரா, தரமிறக்கிய பழைய வீடியோப் படம் எல்லாம் வரும். பாடலின் வேகத்துக்கு அது பொருந்துகிறதா என்று மட்டும் பாருங்கள்.

மாடர்ன் ஸ்கை இன்று பெரிய நிறுவனம், விழாக்களையும் நடத்துகிறது. படத்தரம் உயர்ந்திருக்கும், யூடியூபிலும் நிறையக் கிடைக்கும். வெளியீட்டின் எண்ணிக்கை மிக அதிகம், அதில் பொதுப் பாப்பும் கலந்திருக்கும். அதனால் நிறுவனத்தை மொத்தமாகப் பின்தொடராமல் பிடித்த குழுக்களை மட்டும் பொறுக்கிக்கொள்ளுங்கள்.

வூஹான் பங்க் நகரம். 1996-இல் தொடங்கிய எஸ்எம்ஜெட்பி குழு அங்கேயிருந்து வந்தது, வாக்ஸ் அரங்கு அந்த ஊரின் மையம். மென்மையான கிதார் பின்னல்கள் வேண்டுமென்றால் அதே ஊரின் சைனீஸ் ஃபுட்பால் குழு. அமெரிக்க இமோ குழுவான அமெரிக்கன் ஃபுட்பாலை நினைவூட்டும் பெயர். ஆங்கிலப் பெயரில் தேடினால் கால்பந்துச் செய்திகள்தான் வரும், சீனப் பெயரில் தேடினாலும் அதேதான். இந்த ஒரு குழுவுக்கு மட்டும் பேண்ட்கேம்ப் வழியாகப் போவது உத்தமம்.

செங்டுவில் 1997-இல் திறந்த லிட்டில் பார் என்ற சிறு மதுக்கடை அரங்கிலிருந்து கதை தொடங்குகிறது. ஹைபர்சனை முதலில் பாருங்கள், பாடகி சென் ஸிஜியாங் பேசுவதற்கும் பாடுவதற்கும் நடுவே நிற்கும் விதம் வேறெங்கும் கிடைக்காது. இருண்ட மின்னணு ஒலி பிடித்தால் ஸ்டோலன், 2019-இல் பிரிட்டிஷ் குழுவான நியூ ஆர்டரின் ஐரோப்பிய இசைப் பயணத்தில் உடன் வாசித்த குழு. ஹையர் பிரதர்ஸும் இதே ஊர்தான், ஹிப்ஹாப் வழி போக விரும்புபவர்களுக்கு.

ஷாங்காயில் கிதார் குழுக்களுக்கு யுயின்தாங் அரங்கு, மின்னணு இசைக்கு எஸ்விபிகேவிஎல்டி நிறுவனம். ஆங்கில எழுத்தில் உயிரெழுத்தே இல்லாத பெயர், அப்படியே தேடுங்கள். 33இஎம்ஒய்பிடபிள்யூ போன்றவர்களின் காணொளிகள் கணினி வரைகலையில் பூச்சிகளும் உடல்களும் உருமாறுகிற வகை, இருட்டறையில் பெரிய திரையில் பார்க்க வேண்டியவை. சியான் நகரத்து ஃபாஸி குழு, பங்க்கிலிருந்து கிளைத்த போஸ்ட்பங்க்கைக் கலப்பில்லாமல் வாசிக்கும்.

குவாங்டோங் மாகாணத்தின் வூ தியாவ் ரென் குழுவைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். ஹாய்ஃபெங் என்ற கடலோரச் சிற்றூர்க்காரர்கள், ஊர் வட்டார மொழியில் பாடுகிறவர்கள், 2009-இல் முதல் ஆல்பம். மொபெட், பிளாஸ்டிக் நாற்காலி, முடிதிருத்தும் கடை என்று சிற்றூர் வாழ்க்கை அப்படியே பாட்டில் இருக்கும். அதே மாகாணத்தின் ஜியூலியன் ஜென்ரென் குழு ஹக்கா மொழியில், டிரம்பெட்டோடு கோபமாகப் பாடும். சீன இசை என்றால் மாண்டரின் மட்டும் என்ற எண்ணம் இந்த இரண்டையும் பார்த்ததும் போய்விடும்.

வரிகளைப் புரிந்துகொள்வது

காணொளியிலேயே வரிகள் ஓடினால் கைப்பேசிக் கேமராவை நீட்டி மொழிபெயர்க்கலாம், ஆனால் வரி மாறும் வேகத்துக்கு ஈடுகொடுக்காது. நெட்ஈஸ் கிளவுட் மியூசிக் தளத்தில் பாடலின் பக்கத்தைத் திறங்கள். உரிமைக் கட்டுப்பாட்டால் சீனத்துக்கு வெளியே பாடல் ஒலிக்காமல் போகலாம், வரிகளைப் படிக்கப் பக்கம் உதவும். முழு வரிகளையும் ஒரே தொகுப்பாக நகலெடுத்து மொழிபெயருங்கள். ஒவ்வொரு வரியாகக் கொடுத்தால் எழுவாய் இல்லாத சீன வாக்கியங்களில் இயந்திரம் 'நான்', 'அவன்', 'அவர்கள்' என்று வரிக்கு வரி மாற்றிப் போட்டுவிடும்.

வட்டார மொழிப் பாடல்களில் திரையில் ஓடும் எழுத்து பொதுச் சீனத்தில் இருக்கலாம், வாயில் வரும் ஒலி வேறாக இருக்கும். மொழி பயில இவற்றைப் பயன்படுத்தாதீர்கள். பொருளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

தேடியும் கிடைக்காதபோது

இந்தியாவில் இருப்பவர்கள் முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். 2020 ஜூன் 29 அன்று இந்திய அரசு தடைசெய்த 59 செயலிகளில் வீசாட், வெய்போ, கியூகியூ மியூசிக் மூன்றும் உண்டு. குழுக்கள் வெளியீட்டு அறிவிப்பை முதலில் போடும் இடங்கள் வெய்போவும் வீசாட்டும் என்பதால் அறிவிப்பு உங்களுக்கு நேராக வராது. இழப்புதான், ஆனால் ஈடுகட்டலாம். சீன இசையைப் பற்றி ஆங்கிலத்தில் வரும் கான்க்ரீட் அவலாஞ்ச் என்ற மின்னஞ்சல் மடலுக்குப் பதிவு செய்யுங்கள். ஆப்பிள் மியூசிக் 2015 முதல் சீனத்திலும் இயங்குவதால் அங்கே வெளியாகும் இண்டி ஆல்பங்கள் பல நம் ஊர்ச் சந்தாவிலும் கிடைக்கும்.

பழைய கட்டுரைகளில் உள்ள ஷியாமி இசைத் தளத்தின் இணைப்புகள் எதுவும் திறக்காது. சுயாதீனக் கலைஞர்களுக்கு நல்ல மேடையாக இருந்த அந்தத் தளம் 2021 பிப்ரவரி 5-இல் மூடப்பட்டது. பாடல் பெயரை வைத்துப் பிலிபிலியில் மறுபடி தேடுங்கள்.

எத்தனை விதமாகத் தேடியும் ஒரு கலைஞரின் பெயரே சீனத் தளங்களில் இல்லையென்றால் அது உங்கள் தேடலின் குறையாக இருக்காது. நான்ஜிங்கின் பாடகர் லி ஜியின் பாடல்கள் 2019-இல் சீனத் தளங்களிலிருந்து மொத்தமாக அகற்றப்பட்டன. அவருடைய கச்சேரிப் பதிவுகளை யூடியூபில்தான் பார்க்க வேண்டும். வேறு சிலருக்குப் பாடல் இருக்கும், ஒரு வரி மட்டும் மாறியிருக்கும் அல்லது ஒலி துண்டிக்கப்பட்டிருக்கும். பிலிபிலிப் பதிப்பும் பேண்ட்கேம்ப் பதிப்பும் நீளத்தில் மாறுபட்டால் பேண்ட்கேம்ப் பதிப்பை நம்புங்கள். பிடித்த காணொளியின் அடையாள எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கவும் வேண்டாம். பாடல் பெயர், குழுப் பெயர், ஆண்டு, இயக்குநர் பெயர் நான்கையும் சீன எழுத்தில் கூடவே எழுதினால், காணொளி அகற்றப்பட்டாலும் வேறிடத்தில் மீட்க முடியும்.

எப்போது பார்ப்பது, எப்படி ஆதரிப்பது

சீனா முழுவதற்கும் ஒரே நேரம், இந்தியாவையும் இலங்கையையும்விட 2 மணி 30 நிமிடம் முன்னால். அங்கே இரவு 8 மணி வெளியீடு என்றால் நமக்கு மாலை 5.30. சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் வித்தியாசமில்லை. மே 1, அக்டோபர் 1 விடுமுறைகளை ஒட்டி விழாக்கள் நடக்கும். அந்த வாரங்களில் தேடினால் கூட்டத்திலிருந்து கைப்பேசியில் எடுத்த நேரடிக் காட்சிகளே நிரம்பிக் கிடக்கும், புதுக் காணொளிகளை அவற்றுக்கு நடுவே தவறவிட வாய்ப்பு அதிகம். சீனப் புத்தாண்டு வாரங்களில் பெரிதாக எதையும் எதிர்பார்க்க வேண்டாம், அந்த நேரத்தை விட்டுப்போனவற்றைப் பார்க்க ஒதுக்குங்கள்.

வாரம் ஒருமுறை, பட்டியலில் உள்ள பெயர்களை 'புதிய வெளியீடு' வரிசையில் தேடினால் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். தினமும் பார்ப்பது வீண்.

காணொளிப் பார்வைகளால் இந்தக் குழுக்களுக்கு வருமானம் என்று சொல்லும்படி எதுவும் இல்லை. பிடித்திருந்தால் பேண்ட்கேம்பில் ஆல்பத்தை வாங்குங்கள், டிஜிட்டல் விற்பனையில் தளம் பொதுவாக 15 சதவீதம் எடுத்துக்கொள்கிறது, பணப் பரிமாற்றக் கட்டணமும் போக மீதி அவர்களுக்குப் போகும். 2021 முதல் பேண்ட்கேம்பும் சீனாவில் முடக்கப்பட்டிருப்பதால் அங்கே உள்நாட்டு ரசிகர்கள் எளிதாக வாங்க முடியாது. வெளிநாட்டிலிருந்து வரும் ஒவ்வொரு விற்பனைக்கும் அதனால் கூடுதல் மதிப்பு. இசைத்தட்டு வாங்குவதென்றால் தபால் செலவு தட்டின் விலையைத் தொட்டுவிடும், சுங்க வரியும் சேரலாம். ஒரே நிறுவனத்திடம் இரண்டு மூன்றாகச் சேர்த்து வாங்குங்கள். வாங்காவிட்டாலும் அங்கே நிறுவனத்தின் பக்கத்தைப் பின்தொடருங்கள். புதிய வெளியீடு வந்ததும் மின்னஞ்சல் வரும், அன்றைக்கே குழுவின் சீனப் பெயரைப் பிலிபிலியில் போட்டால் காணொளி பெரும்பாலும் ஏற்கெனவே அங்கே இருக்கும்.